புதியவர் கைக்கு எட்டும் குறிப்பு



2004 டிசெம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைப் பதிவு செய்யவும் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய மென்பொருள் சஹானா. பின்னாளில் அது பைதன் மொழியில், இணையத்தில் இயங்கும் 'சஹானா ஈடன்' ஆனது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் கைகொடுத்தது. அதை எவரும் இலவசமாக எடுத்து நிறுவலாம். ஆனால் நிறுவத் தெரிந்தவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டுமே! 2014இல் மீரியபெத்தை தோட்டத்தை மண்சரிவு மூடியதைப் பார்த்த நமக்கு அந்தக் கவலை புரியும்.

அப்படி நிறுவத் தெரிந்தவர்களாக நம் பிள்ளைகளே வளரலாம்; அவர்கள் உயர்தரத்தில் பைதன் படிக்கிறார்கள். அடுத்ததாக, பைதனில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் ஒன்றைச் செய்து பார்க்க உட்கார்ந்தால், நிறுவல் குறிப்பிலுள்ள "முதலில் பைதனை நிறுவுக" என்ற ஒற்றை வரியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். தோட்டத்துக்காரர் "ஸ்டோரைத் தாண்டி மேல் லயத்துக்கு ஏறுங்க" என்று வழி சொல்வது போலத்தான் அதுவும்: தெரிந்தவருக்கு மட்டும் வழி. பழைய கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் பைதன் 3.8க்கு மேல் ஏறாது. நிறுவும்போது 'பாத்' பெட்டியில் டிக் போடாவிட்டால், கட்டளைச் சாளரம் பைதனைத் தெரியாது என்று கைவிரிக்கலாம். இவற்றைக் குறிப்பு சொல்லாதபோது, பிள்ளை தன்னையே நொந்துகொள்கிறது.

2014இல் பெர்லினில் தொடங்கிய 'ஜாங்கோ கேர்ள்ஸ்' பட்டறைகளின் பாடநூல் நிறுவும் வழியைச் சரியாகச் சொன்னது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் வழி தனித்தனி. கட்டளை கொடுத்தால் திரையில் என்ன வரும் என்பதும் கூடவே இருக்கும். நம் ஊருக்கு இன்னொன்றும் தேவை: டேட்டா செலவு. ஹட்டன் டவுனில் ஒருமுறை 'பிப் டவுன்லோட்' கட்டளையால் ஜாங்கோவை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால், ஒரேமாதிரியான மற்றக் கணினிகளில் இணையமின்றியே நிறுவலாம் என்று குறிப்பிலேயே எழுதிவிடலாம்.

இப்படியொரு குறிப்பை எழுதத் தகுந்தவர், இன்று முதன்முறையாக நிறுவுகிறவர்தான். பழகியவருக்குத் தடுக்கிய இடங்கள் மறந்துபோயிருக்கும். எனவே மாணவர்களே, எந்தக் கணினி, என்ன தட்டச்சு செய்தீர்கள், என்ன வந்தது என்று தமிழில் எழுதி அனுப்புங்கள். பிழைச்செய்தியை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள். தலவாக்கலையிலிருந்து வரும் குறிப்பை நோர்வூட்டில் இதுவரை நிறுவிப் பார்க்காத ஒருவரிடம் கொடுப்போம். அவர் யாரையும் கேட்காமல் செய்து முடித்தால் அச்சுக்குப் போகும். நின்றால், நின்ற இடத்தைக் குறித்து உங்களுக்கே திருப்பி அனுப்புவோம். திருத்தி மறுபடி அனுப்புங்கள், காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்