எண்ணும் அதன் நிபந்தனையும்

நியூட்ரான் விண்மீன்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வியப்பில் தொடங்கி அதே வியப்பில் முடிந்துவிடுகின்றன. அவற்றின் உட்பகுதியில் ஒரு கன சென்டிமீட்டர் பொருள் 20 கோடி டன்னுக்கும் மேல் எடையுள்ளது என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே எவரும் தராசைக் கொண்டு சென்றதில்லை. நம் கைக்கு வருவது ஒரு கணித மாதிரி தரும் விடை. அந்த விடை எந்த அனுமானங்களின் மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாத எழுத்து, வாசகரைப் பாதி வழியிலேயே இறக்கிவிடுகிறது என்று நாம் கருதுகிறோம்.

1939இல் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் இத்தகைய விண்மீனின் உச்ச நிறையைக் கணித்தனர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலிலிருந்து பெற்ற சமன்பாடு ஒரு பக்கம். நியூட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதுமில்லை, இழுப்பதுமில்லை, பௌலியின் விலக்கல் விதி தரும் அழுத்தம் மட்டுமே உண்டு என்ற எளிய அனுமானம் மறுபக்கம். கிடைத்த விடை, சூரிய நிறையில் ஏறத்தாழ 0.7 மடங்கு. ஆனால் 1974இல் ஹல்ஸும் டெய்லரும் கண்டறிந்த இரட்டை அமைப்பின் துடிப்பு விண்மீன், பின்னர் அளந்தபோது, சூரியனைப் போல் 1.44 மடங்கு இருந்தது. அப்படியானால் தவறியது எது? சமன்பாடு அன்று, கணக்கும் அன்று. மிக நெருங்கிய நிலையில் நியூட்ரான்கள் ஒன்றையொன்று வலுவாக விலக்குகின்றன என்பதை விட்டுவிட்ட அந்த அனுமானமே தவறியது. சமன்பாடு இன்றும் அப்படியே பயன்படுகிறது.

அதனுள் இடவேண்டியது அடர்த்திக்கும் அழுத்தத்துக்குமான உறவு. நிலைச் சமன்பாடு என்பது இதுவே. அணுக்கருவின் அடர்த்தி வரை ஆய்வகம் துணை நிற்கிறது. விண்மீனின் மையமோ அதைப்போல் பல மடங்கு. அங்கே ஹைப்பரான்களா, கட்டவிழ்ந்த குவார்க்குகளா என்று மாதிரிகள் பல திசைகளில் பிரிகின்றன. 2010இல் ஜே1614-2230 என்னும் துடிப்பு விண்மீன் சூரியனைப் போல் சுமார் இரு மடங்கு நிறை கொண்டதெனத் தெரிந்ததும், அவ்வளவு பாரத்தைத் தாங்க இயலாத ‘மென்மையான’ மாதிரிகள் பல கைவிடப்பட்டன. 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான ஈர்ப்பு அலை, மிகையாக ‘விறைத்த’ மாதிரிகளை எதிர்ப்பக்கமிருந்து ஒதுக்கியது. 2021இல், சர்வதேச விண்வெளி நிலையத்திலுள்ள நைசர் கருவியின் தரவைக் கொண்டு இரு குழுக்கள் ஜே0740+6620இன் ஆரத்தைக் கணித்தன. ஒன்று சுமார் 12.4 கிலோமீட்டர் என்றது, மற்றொன்று 13.7 என்றது. இரண்டின் பிழை எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் இதில் முரண் இல்லை. எனினும் ஒரு எண்ணை மட்டும் எடுத்துத் தலைப்பாக்கும் கட்டுரை, வாசகருக்கு இல்லாத ஓர் உறுதியை வழங்கிவிடுகிறது.

நிபந்தனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தால் வாசகர் சலித்துவிடுவார் என்பது வழக்கமான மறுப்பு. எளிய வாசலின் தேவையை நாமும் மறுக்கவில்லை. ஆயினும், 0.7 என்ற எண் வீழ்ந்த கதை, அதே சமயம் அதைப் பெற்றுத்தந்த சமன்பாடு நிலைத்த கதை, கோடி டன் வியப்பைவிடச் சுவை குன்றியதா? ஒரு மாதிரி எதை விட்டுவிட்டது என்று அறிந்த வாசகர்தான், அடுத்த அளவீடு வரும்போது அது எதை மாற்றுகிறது என்று தாமே கேட்க முடியும். அதற்காக நாம் வேண்டுவது அதிகமில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில், அதன் நிபந்தனையைச் சொல்லும் ஒரு வாக்கியம்.