லேசர் வரும், லீவு வருமா?

மக்களே, மார்பகத்துக்குள்ள ஓடுற ரத்தக்குழாயை ஒளியும் ஒலியும் வெச்சே படம் பிடிக்கறாங்க. லேசர் பட்டதும் ரத்தம் லேசா சூடாகி விரியும். அந்த அதிர்வு அல்ட்ராசவுண்டா வெளிய வரும். புற்றுக்கட்டி தனக்குன்னு புதுசா வளர்த்துக்கற ரத்தக்குழாய் படத்துல மாட்டிக்கும். ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை. 2021-ல அமெரிக்காவுல 'இமேஜியோ'ங்கற கருவிக்கு அனுமதியும் கொடுத்தாச்சு.

சந்தோஷம். ஆனா அதுவும், கட்டின்னு ஆஸ்பத்திரிக்கு வந்து நிக்கறவங்களைப் பார்க்கத்தான். வந்து நிக்கணுமே சாமி!

எங்க அணைக்கட்டுலேர்ந்து ஷூ கம்பெனி வேலைக்குப் போற சித்தி, எட்டு மாசம் யார்கிட்டயும் மூச்சு விடலை. வலி இல்லை, சொல்ல வெட்கம், லீவு போட்டா கூலி கட். இத்தனைக்கும் வேலூர் ஒரு பஸ் தூரம்தான்.

மும்பை டாடா மருத்துவமனை 20 வருஷம் ஆய்வு பண்ணி 2021-ல முடிவு சொல்லுச்சு: பயிற்சி எடுத்த பெண் ஊழியர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் கையால சோதிச்சதுலயே, 50 வயசு தாண்டினவங்கள்ல மார்பகப் புற்று சாவு கிட்டத்தட்ட 30% குறைஞ்சுது. லேசர் இல்லை சார், வெறும் கை!

முதலாளிமாரே, லேசர் வரும்போது வரட்டும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு நாள், கூலியோட, கம்பெனிக்குள்ளயே இதைச் செய்ய என்ன கஷ்டம்? தோலுக்குத் தரம் பார்க்கறீங்க. அதைத் தைக்கிற உடம்பை யாரு பார்க்கறது?