சத்து மாத்திரைக்கும் தீராத ரத்தசோகை... காவல்காரனே காரணமா?

வெள்ளிமலை, கரியாலூர் என கல்வராயன் மலைக் கிராமமானாலும், கீழே கள்ளக்குறிச்சி டவுனானாலும், சோர்வு, மூச்சுவாங்கல் என்றால் "ரத்தம் கம்மி, சத்து மாத்திரை சாப்பிடு" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால், மாத்திரைக்கும் தேறவில்லை, அடிபடாமலே தோலில் நீலத்திட்டு, ஈறில் ரத்தக்கசிவு, அடிக்கடி காய்ச்சல் என்றால் உஷார்!

அது 'ஏபிளாஸ்டிக் அனீமியா'வாக இருக்கலாம். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே போதிய அளவு உற்பத்தியாகாத நோய் இது.

பெரும்பாலானோருக்கு மஜ்ஜையைத் தாக்குவது கிருமியல்ல. நம்மைக் காக்க வேண்டிய 'டி' செல்களே. இவற்றின் பிறந்த வீடும் மஜ்ஜைதான். அங்கிருந்து கிளம்பி, நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் 'எது நம்முடையது, எது அந்நியம்' என்று பாடம் படிக்கின்றன. பிறகு சில செல்கள் தடம் மாறிப் பெருகி, மஜ்ஜையின் ஸ்டெம் செல்களையே அழிக்கின்றன. சிலரிடம் இந்த 'டி' செல்களில் மரபணு மாற்றமும் காணப்படுகிறது.

அதனால்தான் 'டி' செல்களை அடக்கும் ஏ.டி.ஜி, சைக்ளோஸ்போரின் மருந்துகளால் பலருக்கு மஜ்ஜை மறுபடி ரத்தம் ஊறவைக்கிறது. இன்னொரு வழி, மஜ்ஜை மாற்று சிகிச்சை. வேலூர் சி.எம்.சி-யில் இது 1986-லேயே தொடங்கிவிட்டது.

முழு ரத்த அணுப் பரிசோதனையில் மூன்று அணுக்களும் குறைந்திருந்தால், தாமதிக்காமல் ரத்தவியல் மருத்துவரைப் பாருங்கள்.

முக்கியமாக, நோயாளிக்குப் பாசத்தில் அண்ணன், தங்கை ரத்தம் கொடுக்க முன்வருவார்கள். வேண்டாம்! பின்னாளில் அவர்களின் மஜ்ஜையை உடல் ஏற்காமல் போகலாம். ரத்த வங்கியில் வாங்குங்கள்; அண்ணன், தங்கையின் உதவி மஜ்ஜை மாற்றுக்குத் தேவைப்படலாம்.