நிலத்தில் கிடைத்தால் என்ன செய்வது?

சென்ற சித்திரை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் ஆறு பேர் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரிலுள்ள எங்கள் தோழியின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் அவளுடைய தாய்மாமன் உலோகம் கண்டறியும் கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தார். "புஞ்சையில் என்னதான் கிடக்கிறது என்று பார்ப்போமே" என்று அவர் அழைக்க, கடலை மிட்டாய்ப் பொட்டலங்களுடன் நாங்களும் புறப்பட்டோம். ஆச்சியும் உடன் வந்தார்கள்.

கரிசல் நிலம் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கோடை மழை பெய்து உழவும் ஓடினால் அடியில் கிடந்தது மேலே வரும். கருவியோ நீண்ட பிடியும் அடியில் ஒரு வட்டத் தட்டும் கொண்டது. தட்டிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பாயும். அருகில் உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதை அறிந்து கருவி கூவும். இவ்வளவுதான் அதன் வித்தை.

காலை முழுவதும் அது கூவியது. கிடைத்தவை: மாட்டு லாடம் இரண்டு, வண்டிக் கடையாணி ஒன்று, சோடாப் புட்டி மூடிகள், உழவு இயந்திரத்தின் திருகாணி, போன ஆண்டு யாரோ தின்று எறிந்த மிட்டாய்த் தாள். (எங்கள் பொட்டலத்திற்கும் அது கூவியதுதான் வேடிக்கை!) ஆச்சி மட்டும் கருவி ஏதுமின்றிக் குனிந்து குனிந்து எதையோ மடியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான ஓட்டுச் சில்லுகள் ஏழெட்டு, சங்கு வளையல் துண்டு ஒன்று. கருவி அவற்றின் மேலேயே பல தடவை போயிருந்தது. ஆனால் மண்ணோட்டுக்கும் சங்குக்கும் அது வாய் திறக்காதே!

உச்சி வேளையில்தான் அந்தத் தவறு நிகழ்ந்தது. ஓரிடத்தில் கருவி விடாமல் கூவவே, மாமா மண்வெட்டியால் வெட்டினார். நாங்கள் மண்ணை அள்ளினோம். அரை முழ ஆழத்தில் 'கடக்' என்றொரு சத்தம். பெரிய பானை ஒன்றின் வாய் உடைந்திருந்தது. உள்ளே துருவேறிய இரும்புத் துண்டு. அது முதுமக்கள் தாழியாக இருக்கலாம் என்று எங்களில் ஒருத்தி சொன்ன பிறகு யாருக்கும் பேச்சு எழவில்லை. ஆச்சி, "அதை அங்ஙனயே போட்டுருங்க தாயீ, வெளிய தெரிஞ்சா நெலத்துக்கு வம்பு" என்றார்கள். மண்ணை மூடிவிட்டு வீடு திரும்பினோம்.

பள்ளி திறந்ததும் வரலாறு கற்பிக்கும் அருட்சகோதரியிடம் சொன்னோம். திட்டு கிடைத்தது, அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. பிறகு அவர்கள் சிவகளையைப் பற்றிச் சொன்னார்கள். நம் தூத்துக்குடி மாவட்டத்து ஊர்தான் அது. அங்கே ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. 2025இல் வெளியான அரசு அறிக்கையோ அவ்வூர் இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்கே கொண்டு செல்கிறது. இரும்போடு கிடந்த கரித்துண்டைச் சோதித்தே அதைக் கணித்தார்கள். மண்வெட்டியால் இரும்பை மட்டும் பிடுங்கியிருந்தால் அந்தக் கரி எங்கே போயிருக்கும்? நெல்லுக்கும் கரிக்கும் எந்தக் கருவியும் கூவப்போவதில்லை. எங்கள் பானையில் என்ன இருந்தது, எதைச் சிதைத்தோம் என்பதை இன்று வரை அறியோம்.

ஆகவே, விளையாட்டுக்கென்று இக்கருவியுடன் புஞ்சையில் இறங்கித் தோண்டுவது கூடாது என்பதே எங்கள் கருத்து. தற்செயலாகக் கிடைத்தால்? இங்கிலாந்தின் ஹாக்ஸன் என்னும் சிற்றூரில் 1992இல் எரிக் லாஸ் என்பவர், நண்பரான ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடி இக்கருவியுடன் வயலில் இறங்கினார். கிடைத்ததோ ரோமானியர் காலப் பொன்னும் வெள்ளியும்! அவர் ஆசைப்பட்டு முழுவதையும் அள்ளாமல் நிறுத்தி, அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பினார். ஆய்வாளர் வந்து மண்ணோடு மண்ணாக எடுத்ததால், ஏறத்தாழ 15,000 காசுகளும் நகைகளும் மரப்பெட்டியில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது கூடத் தெரிந்தது. அவருக்குப் பெரும் பரிசும் கிடைத்தது. விவசாயிக்கும் பங்கு கொடுத்தார். சுத்தியலும் பின்னர் அகப்பட்டு, இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறும் பொருளைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டனை. உரியவர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் உண்டு. இந்தப் பங்குக் கணக்கை எங்கள் தோழியின் ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. தண்டனையை மட்டும் எல்லாரும் அறிவார்கள்!

அரசு அப்பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால், அது எதனால் ஆனதோ அதன் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தர வேண்டும் என்கிறது அச்சட்டம். பொன்னானால் சரி. துருப்பிடித்த இரும்புக்கு என்ன விலை? பழைய இரும்புக் கடைக்காரர் தருவதுதானே! இங்கிலாந்தில் சந்தை மதிப்பைக் கணக்கிட்டுப் பரிசு தருகிறார்கள். இங்கும் அவ்வாறு செய்தால் மறைப்பவர் குறைவர் என நம்புகிறோம்.

பணத்தைவிடப் பெரியது நிலம் போய்விடுமோ என்ற அச்சம். வானம் பார்த்த பூமியில் ஒரு போகம் விளைவித்து, பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் கட்டுகிறவரிடம் "நாட்டின் பெருமை" என்று பேசினால் மட்டும் போதாது. கீழடியில் தென்னந்தோப்புக்காரர்கள் ஆய்வுக்கு நிலம் கொடுத்தார்கள். ஆய்வு முடிந்த பல குழிகள் மூடப்பட்டன. நமக்கு அருகில் வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டையிலும் 2022 முதல் அகழாய்வு நடந்து, சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. நிலத்துக்காரருக்கு எவ்வளவு காலம் பயிர் தடைப்படும், இழப்புக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கிராம நிர்வாக அலுவலகந்தோறும் ஒட்டினால் என்ன? பெற்றோரில் அரசுப் பணியில் இருப்போர் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

ஆட்சியருக்கு அனுப்ப வேண்டிய மனுவை நாங்களே எழுதித் தோழியின் தந்தையிடம் கொடுத்திருக்கிறோம். புரட்டாசியில் பருத்தி விதைத்தபோது அந்த இடத்தை மட்டும் உழாமல் விட்டு, சுற்றிலும் முள் வெட்டிப் போட்டார். ஆச்சி அப்பக்கம் ஆடுகளை அண்ட விடுவதில்லையாம். மனுவில் அவர் இன்னும் கையெழுத்து இடவில்லை. பருத்தி எடுத்து முடியட்டும், பார்க்கலாம் என்கிறார்.