நாய்க்கு நாற்பதாயிரம், உரிமத்துக்கு ஐம்பது

பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டு இனங்களுக்கும் இனிப் புதிய உரிமம் கிடையாது என்று 2025 டிசம்பரில் கதவைச் சாத்திவிட்டது பெருநகர சென்னை மாநகராட்சி. மீறி வாங்கி வளர்த்தால் ரூ.1 லட்சம் அபராதம். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டு பிட்புல் கடித்து 55 வயதுக்காரர் ஒருவர் இறந்ததன் விளைவு இது. அதற்கும் முன்பு, 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் குதறியபோதும் இதே பேச்சு எழுந்து, ஒரு மாதத்தில் அடங்கியது. இந்த முறை தீர்மானம் வரை போனதால் கைதட்டல் பலமாக இருக்கிறது. சென்னையில் விலைபோகாத குட்டி எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வேறெங்கே? தெற்கே, விருதுநகர் மாவட்டத்துக்கு வரும். சாத்தூர், இருக்கன்குடி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கையில் நாலு காசு சேர்ந்தவர் தோட்டம் வாங்குகிறார். முதலில் போர் போடுகிறார், அடுத்து மோட்டார் ரூம் கட்டுகிறார், மூன்றாவதாக நாய் வாங்குகிறார். காரணம் இல்லாமல் இல்லை. செம்புக் கம்பிக்காக மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரு ராத்திரியில் காடு காலி. ஆகவே நாய் தேவைதான். அந்த நாய் ராட்வீலராகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? யூடியூப் சொன்னது.

நாய் விஷயத்தில் நம் ஆட்கள் கேட்பது ஒரே கேள்வி: "குட்டி என்ன ரேட்டு?" பேப்பர் இல்லாத ராட்வீலர் குட்டியே இருபதாயிரத்துக்கு மேல், பேப்பரோடு, அதாவது கென்னல் கிளப் பதிவோடு, நாற்பது ஐம்பது வரை போகும். கொடுத்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பு. உண்மையில் அது முன்பணம்கூட ஆகாது. 40 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளைக்கு 450 கிராம் உலர் தீவனம் என்று வைத்தால் ஆண்டுக்கு 164 கிலோ. கிலோ ரூ.350 என்றால் ரூ.57 ஆயிரத்தைத் தாண்டும். பார்வோ, டிஸ்டம்பர் கூட்டு ஊசி, ரேபீஸ் ஊசி, குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து, இடையில் ஒரு உண்ணிக் காய்ச்சல், டாக்டர் வீட்டுக்கு வந்து போகும் செலவு என்று இன்னொரு பன்னிரண்டு பதின்மூன்றாயிரம். ஆக ஆண்டுக்கு ரூ.70 ஆயிரம். ராட்வீலரின் ஆயுள் எட்டிலிருந்து பத்து ஆண்டு. ஒன்பது என்று கொண்டால் ரூ.6.3 லட்சம். குட்டி விலை அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட வராது. இடுப்பு மூட்டு தேயும் இனம் என்பதால் கடைசி இரண்டு ஆண்டு வைத்தியம் தனி.

இந்தச் செலவைச் செய்கிறவர்கள் தோட்டத்து முதலாளிகளில் எத்தனை பேர்? ஆறாம் மாதமே தீவன மூட்டை நின்றுவிடும். பிராய்லர் கடையிலிருந்து கோழித்தலை, கால், கழுத்து ஒரு கேரி பையில் வரும். ரேஷன் அரிசியோடு சேர்த்து, மஞ்சள்தூள் போட்டு, ஈயச் சட்டியில் வேகும். முதலாளி சிவகாசியில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து நாயோடு படம் எடுத்துக்கொண்டு போவார். மற்ற ஆறு நாளும் அதற்குச் சோறு வைப்பது தோட்டத்தில் குடியிருக்கும் வேலைக்காரரின் மனைவி. சட்டியை வைத்து, குச்சியால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பார். சங்கிலி எத்தனை முழம் என்பது அவருக்கு மனப்பாடம். காலையிலிருந்து இரவு வரை தகரக் கொட்டகையின் கீழ் கட்டிக்கிடக்கும் 40 கிலோ நாய், சங்கிலி அறுந்த அன்றைக்கு முதலில் பார்ப்பது திருடனை அல்ல.

ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிறார்கள். அந்தப் பாதை இந்தத் தோட்டங்களின் கேட்டை ஒட்டித்தான் போகிறது.

இத்தனைக்கும் அரசு கேட்கும் கட்டணம் என்ன? சென்னையில் வளர்ப்பு நாய்க்கான ஆண்டு உரிமம் ரூ.50. ஆண்டுச் செலவு ரூ.70 ஆயிரத்தில் இது நூறு ரூபாய்க்கு ஏழு பைசா. கவனமில்லாமல் விலங்கை வைத்திருந்து ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். அபராதம் ராட்வீலர் குட்டி விலையில் எட்டில் ஒரு பங்கு. ஊராட்சிகளில் அந்த ஐம்பது ரூபாயைக்கூடக் கேட்பார் இல்லை.

ராட்வீலரின் சொந்த ஊரில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தென்மேற்கு ஜெர்மனியில் ராட்வைல் என்று ஒரு சிறு நகரம். அங்கே இறைச்சிக் கடைக்காரர்கள் மாடு ஓட்ட வைத்திருந்த நாய் என்பதால் ஊர்ப் பெயரே இனத்துக்கு வந்தது. அந்த நாட்டில் நாய் வைத்திருப்பவர் உள்ளாட்சிக்கு ஆண்டுதோறும் நாய் வரி கட்டுகிறார். அலங்கார வரி அல்ல; 2023இல் ஜெர்மனி முழுவதும் வசூலானது சுமார் 42 கோடி யூரோ. நம் பணத்தில் ரூ.3,500 கோடிக்கு மேல். மியூனிக் நகரில் சாதாரண நாய்க்கு ஆண்டுக்கு 100 யூரோ, சண்டை நாய் என்று பட்டியலிட்ட இனத்துக்கு 800 யூரோ. 800 யூரோ என்றால் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல். இங்கே ஒரு ராட்வீலரை ஓராண்டு வளர்க்கும் மொத்தச் செலவு. பெர்லின், ஹாம்பர்க் போன்ற மாநிலங்களில் நாய் பிறருக்குச் செய்யும் சேதத்துக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். சிங்கப்பூரில் பட்டியலில் உள்ள இனங்களுக்கு ஒரு லட்சம் வெள்ளிக்குக் காப்பீடு கட்டாயம். அந்தப் பட்டியலில் ராட்வீலர் இருக்கிறது. அங்கே இருக்கும் நம்மவர்கள் முணுமுணுக்காமல் கட்டுகிறார்கள். ஊருக்கு வந்து தோட்டம் வாங்கியதும் ஐம்பது ரூபாய் கசக்கிறது.

நாயை அதன் ஊரிலிருந்து இறக்குமதி செய்தவர்கள் வரியை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள்.

தடைதான் வழி என்பவர்கள் 2024 மார்ச் 12ஆம் தேதியை நினைத்துப் பார்க்கட்டும். மத்தியக் கால்நடைத் துறை 23 இனங்களைப் பட்டியலிட்டு, விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் நிறுத்தச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று ஒரே மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பட்டியல் போட்டால் அடுத்த நாளே "இது ராட்வீலர் இல்லை சார், கிராஸ்" என்று சான்றிதழோடு வருவார்கள். எந்த இனம் என்று வாதாட வழக்கறிஞர் உண்டு. எத்தனை கிலோ என்று வாதாட முடியாது.

எதிர்த்தரப்பு இரண்டு. இனத்தின் மேல் பழியில்லை, வளர்ப்பவர் மேல்தான் என்கிறார்கள் நாய் ஆர்வலர்கள். நல்லது, வளர்ப்பவர் பணம் கட்டட்டும். அவர்களோடு சண்டை அத்தோடு தீர்ந்தது. வாழ்வாதாரம் போகிறது என்கிறார்கள் குட்டி விற்பவர்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017ஆம் ஆண்டு விதிகள் என்ன சொல்கின்றன? பதிவு செய்தவர்தான் இனப்பெருக்கம் செய்யலாம், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, சிப் பொருத்த வேண்டும். நாற்பது நாள் குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்து ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவர்களுக்கு வாழ்வாதாரம் என்ற சொல் பொருந்தாது. வாழ்வாதாரம் என்று சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளி சொல்லட்டும், காது கொடுக்கலாம். அவர் வேலை செய்யும் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்குக் கணக்கு, உரிமம், ஆய்வு, மீறினால் சீல். ஆபத்தான பொருளை வைத்திருப்பவர்தான் அதன் பாதுகாப்புச் செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்த மாவட்டம் அளவுக்கு விலை கொடுத்துத் தெரிந்துகொண்ட இடம் வேறில்லை. அதே மாவட்டத்தில் 40 கிலோ எடையும் அதற்கேற்ற தாடையும் உள்ள மிருகத்துக்கு ஒரு ரசீது கிடையாது.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு உரிமையும் உண்டு. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த ராஜபாளையம் நாய் இந்த மண்ணுடையது. 2005இல் அஞ்சல் துறை அதற்கு ரூ.15 மதிப்பில் அஞ்சல் தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி வாங்கச் சொன்னார். மாநில அரசு சைதாப்பேட்டையில் நடத்திய இனப்பெருக்க மையமோ, பராமரிப்பு சரியில்லை என்ற வழக்கில் 2016இல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டது. அஞ்சல் தலை வெளியிடுவது சுலபம், குட்டி வளர்ப்பது கஷ்டம் போலிருக்கிறது.

ராஜபாளையம் குட்டி ராட்வீலர் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். குட்டை முடி, கத்திரி வெயிலைத் தாங்கும். கம்பங்கூழும் மோர்ச்சோறும் தின்று வளர்ந்த வம்சம், வாரம் இரண்டு நாள் கறி போதும். அதற்கும் ஒரு குறை உண்டு: உடம்பு முழுக்க வெள்ளை, ரோஸ் மூக்கு என்று தேடித் தேடிச் சேர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. விவரம் தெரிந்தவர் குட்டியைத் திருப்பி உட்காரவைத்து, பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்துத்தான் பணத்தை எடுப்பார். (தீபாவளி ராத்திரி மாவட்டத்திலேயே நிம்மதியாகத் தூங்கும் காவல் நாய் அந்தச் செவிட்டு நாய்தான். ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய ராட்வீலர் கட்டிலுக்கு அடியில் இருக்கும்.) ராஜபாளையம் கடிக்காது என்று யாரும் சொல்லவில்லை. ஒரே ஆளுக்கு அடங்கும் நாய், அந்நியரை நம்பாது. அதனால்தான் கட்டணத்தை இனத்தின் மேல் போடாமல் எடையின் மேல் போட வேண்டும். 25 கிலோவுக்கு மேலே என்றால் சொந்த ஊர் நாயும் கட்டட்டும். ஒல்லியான சிப்பிப்பாறை தப்பித்துக்கொள்ளும்.

25 கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு ஆண்டுக்கு ரூ.10 ஆயிரம் உரிமக் கட்டணம், ரூ.5 லட்சத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு, கழுத்துத் தோலுக்கடியில் சிப். சிவகாசி மாநகராட்சியும் சாத்தூர், ராஜபாளையம், விருதுநகர் நகராட்சிகளும் மட்டுமல்ல, இருக்கன்குடி ஊராட்சியும் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். ஊராட்சியை விட்டுவிட்டால் முழு ஏற்பாடும் வீண். கட்டணத்துக்குப் பயந்து நாயைத் தெருவில் விடுவார்களே என்பார்கள். சிப் போட்ட நாயைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் போனால் ரீடரைக் காட்டியதும் ஆள் தெரிந்துவிடும். தமிழகத்தில் 2024இல் பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம், ரேபீஸ் இறப்பு 43. பெரும்பாலும் தெருநாய் என்று பதில் வரும். இருக்கட்டும், தெருநாய்களுக்கான ஊசிக்கும் கருத்தடைக்கும் பணம் இந்தக் கட்டணத்திலிருந்து வரும். இதைச் செய்தால் இரண்டே ஆண்டில் ராட்வீலர் வியாபாரம் படுத்துவிடும், தோட்டத்துச் சங்கிலிகளில் பாதி காலியாகும். தடையைப் போல நீதிமன்றத்தில் தோற்கவும் இதில் எதுவும் இல்லை: யாரையும் நாய் வளர்க்காதே என்று சொல்லவில்லை, வீட்டு வரி ரசீதுக்குப் பின்னால் இன்னொரு ரசீது, அவ்வளவுதான். அடுத்த நிதியாண்டு பிறப்பதற்கு முன்னால் முடிக்கக்கூடிய வேலை இது.