பூட்டும் கையொப்பமும்

ஐம்பது பேர் இருக்கும் அலுவலகத்தில் ஐம்பது கணினியிலும் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் திறந்து ஒவ்வொரு கணக்காகப் பதிய வேண்டியதில்லை. எல்லாக் கணினிகளும் படிக்கும் ஒரே அமைப்புக் கோப்பு போதும். கணினிக்குள் நுழைந்தவரின் பயனர் பெயரை அது தானே எடுத்துக்கொண்டு, சேவையகம், 993ஆம் போர்ட், குறியாக்கம் எல்லாவற்றையும் நிரப்பிவிடும். அந்தக் கோப்பில் 'லொக்பிரெஃப்' என்று எழுதிய அமைப்பு திரையில் சாம்பல் நிறமாகும். யாராலும் கை வைக்க முடியாது. கண்டியில் இருந்தபடியே கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால், கம்பளைக் கிளையிலும் நாவலப்பிட்டிக் கிளையிலும் மறுநாள் காலை அந்த மாற்றம் வந்திருக்கும்.

இந்தப் பூட்டு வேண்டும் என்பதே என் கட்சி. தொலைபேசியில் யாரோ "குறியாக்கத்தை எடுத்துவிடுங்கள், மெயில் வரும்" என்றால், அப்பாவி எழுதுவினைஞரால் அதைச் செய்யவே முடியாது. பழி அவர் தலையில் விழாது.

ஆனால் சாவியை வாங்கிக்கொண்டவர் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானபோது, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்துபோயின. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. காலாவதியான எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களுக்குக் காப்புப் பிரதியும் இல்லை. முகவரிக்காரர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பயனில்லை.

எதைப் பூட்டுகிறோம் என்பதிலும் நிதானம் வேண்டும். கண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி தன் திரையைக் காட்டினாள். கையொப்பப் பெட்டி சாம்பல் நிறம். உள்ளே பதவிப் பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். தோட்டத்திலிருந்து தமிழில் வரும் கடிதத்துக்குத் தமிழில் பதில் எழுதுகிறாள். அடியில் இருப்பதை அந்தத் தோட்டத்துக்காரரால் வாசிக்க முடியாது. யார் பதில் சொன்னார், திரும்ப யாரைக் கேட்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தமிழும் அரசகரும மொழி என்று 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல்.

இதற்குப் புதிய மென்பொருளோ பணமோ தேவையில்லை. அதே கோப்பில், கையொப்ப வரிக்கு மட்டும் 'லொக்பிரெஃப்' என்பதை எடுத்துவிட்டு 'டிஃபோல்ட்பிரெஃப்' என்று போட்டால், அலுவலகம் கொடுத்த வாசகம் முதலில் நிற்கும். தேவைப்பட்டவர் தமிழ் வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். சேவையகமும் குறியாக்கமும் பூட்டியபடியே இருக்கட்டும். அந்தக் கோப்பை வைத்திருக்கும் அதிகாரி இந்த வாரமே அந்த ஒரு சொல்லை மாற்ற வேண்டும்.