பொதுநிலம் யாருடையது?



பொதுச்சொத்து என்றால் எவருக்கும் சொந்தமில்லாதது என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். பெரியவர்களும் அவ்வாறே எண்ணுவதற்கு அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் சான்று.

வரைமுறையற்ற மேய்ச்சலால் அங்குப் புல்வெளிகள் பாழாயின. ஆகவே 1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்துவோரே அரசு நிலத்தில் மாடு மேய்க்கலாம் என்றானது. நல்ல சட்டம்தான். கட்டணம் எவ்வளவு? ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 1.35 டாலர்! 1986-இல் அதிபர் ரேகன் விதித்த இந்தக் குறைந்தபட்சத் தொகையே 2019 முதல் 2025 வரையிலும் வசூலிக்கப்பட்டது. தனியார் நிலத்திலோ பன்மடங்கு அதிகம்.

வேலியையும் தண்ணீர்த் தொட்டியையும் தாங்களே பராமரிப்பதாகப் பண்ணையாளர்கள் வாதிடுகின்றனர். நியாயமே, அச்செலவைக் கழித்துக்கொள்ளட்டும். அதற்காக ஏறக்குறைய இனாமாகவே புல்லைக் கேட்பதா?

நெவாடாவின் கிளைவன் பண்டி 1993 முதல் அச்சிறு தொகையையும் கட்ட மறுத்தார். 2014-இல் அதிகாரிகள் அவருடைய மாடுகளைப் பிடித்தபோது, ஆதரவாளர்கள் துப்பாக்கியுடன் திரண்டனர், மாடுகள் விடுவிக்கப்பட்டன.

சலுகை நீடித்தால் உரிமையாகிவிடும். உரிமை முற்றினால் அடாவடியாகும். பொதுச்சொத்து எவருக்கும் சொந்தமில்லாதது அன்று, எல்லாருக்கும் சொந்தமானது. பயன்படுத்துவோர் உரிய விலை தரட்டும். இதை நம் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவைப்போம்.